பிலாத்துவுக்குத் தெரிந்தும் ஏன்? பாடம் எடுக்க உதவி வேண்டும்

ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு இயேசுவின் விசாரணையை எடுக்கிறேன், மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். குற்றமில்லாதவர் என்று தெரிந்தும் ஏன் சிலுவைக்கு அனுப்பினார்கள்?

நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாயிற்று. மத்தேயு 27:18 யூத மதத் தலைவர்களின் பொறாமை என்கிறது. யோவான் 11:48-ல் அவர்களுக்கு, ரோமர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களோ என்ற பயம். தீர்ப்பு சொன்ன ரோம ஆளுநர் பிலாத்துவுக்கோ கூட்டத்தைத் திருப்திப்படுத்த வேண்டும் (மாற்கு 15:15), அப்புறம் இராயனின் (ரோமப் பேரரசரின்) பகையும் வரக்கூடாது. போதகரிடம் கேட்டேன், “எல்லாம் பாவம்தான்” என்றார், பிள்ளைகளுக்கு அது போதவில்லை. பிலாத்து தண்ணீர் எடுத்துக் கை கழுவும் இடத்தை வாசித்தபோது ஒரு சிறுமி, “அப்போ அவருக்குத் தெரியும்ல சார்?” என்று கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது.

வரும் ஞாயிறு பதில் சொல்லியாக வேண்டும். பொறாமை, பயம், இரண்டில் எதை வேர் என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள்?