மறுமொழி: குவில்ட் 'டெஸ்ட்' தைப்பதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

குவில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை, அதை நல்ல துணியில் தைக்குமுன் வேறு துணியில் தைத்துச் சரிபார்ப்பதைத்தான் 'டெஸ்ட்' என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பது நம் கேள்வி. சென்ற மடலில் அண்ணன் ஒருவர் 'முன்மாதிரி' போதுமே என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. முன்மாதிரி என்றால் பார்த்துப் பின்பற்ற வேண்டிய ஒன்று. நாம் பெயர் தேடுவதோ தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே தைக்கிற ஒன்றுக்கு.

சட்டை, கவுன் தைப்பவர்கள் இதை பிரிட்டனில் 'துவால்' என்றும் அமெரிக்காவில் 'மஸ்லின்' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் துணியின் பெயர்கள். குவில்ட்டுக்கு அப்படித் தனித் துணி கிடையாது. பழைய படுக்கை விரிப்பு, மிஞ்சிய துண்டு எதுவும் ஆகும். அதனால் அந்த வழியில் பெயர் வைக்க முடியாது.

என் முன்மொழிவு: வெள்ளோட்டம்.

தேர் செய்து முடித்ததும் சாமியை ஏற்றாமல் இழுத்துப் பார்ப்பார்களே, அதேதான் இங்கேயும். நல்ல துணியில் கத்தரி வைக்காமல் தைத்துப் பார்க்கிறோம். தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெள்ளி ரதம் போவதைப் பார்த்து வளர்ந்த பினாங்குக்காரர்களுக்குத் தேர்ப் பேச்சு அந்நியமாக இருக்காது. 'நூலோட்டம்' என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிய தையல்காரர் காதுக்கும் இது ஒட்டும்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெள்ளோட்டம் விடாமல் ஒரு பாத்தேக் சாரோங்கை (மெழுகுச் சாயமிட்ட கைலியை) வீணாக்கியவள் நான். இரண்டு முக்கோணம் சேர்ந்து 3 அங்குலச் சதுரமாக வரவேண்டும் என்றால் தையலுக்குள் போகும் துணியையும் சேர்த்து, துணிச் சதுரத்தை 3⅞ அங்குலத்துக்கு வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்க வேண்டும். நான் வெறும் சதுரத்துக்கான கணக்கில் 3½ என்று எழுதி, அப்படியே அத்தனையும் வெட்டிவிட்டேன். தைத்து முடித்தபோது ஒவ்வொன்றும் 2⅝ அங்குலம்தான். அதே பூ, அதே நீலம் பிறகு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பழைய விரிப்பில் ஒரே ஒரு கட்டம் (துண்டுகள் சேர்ந்து அமையும் ஒரு சதுரம்) தைத்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"அப்படியானால் 'பதம்' என்று வைக்கலாமே, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு" என்று சுங்கைப்பட்டாணி அக்கா கேட்டிருந்தார். அழகான சொல்தான். ஆனால் குவில்ட் சோறு மாதிரி இல்லை அக்கா. துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே போட வேண்டிய தையல் 1/16 அங்குலம் அகலமாகப் போனாலும் ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் சேர்த்து ⅛ அங்குலத்தைத் தின்னும். ஒன்பது துண்டு வரிசையில் எட்டுத் தையல், ஒரு அங்குலம் காணாமல் போய்விடும். இரண்டு துண்டை மட்டும் இணைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே படாது.

அப்புறம், நாம் செய்முறையோடு வெளியிடும் குவில்ட் வடிவத்தை மற்றவர்கள் தைத்துப் பார்க்க வேண்டும். செய்முறையில் விட்டுப்போனதை என் கை தானாக நிரப்பிக்கொள்ளும், அவர்கள் கை நிரப்பாது. தேரையும் செய்த தச்சர் மட்டுமா இழுக்கிறார், ஊரே அல்லவா இழுக்கிறது?

ஆகவே ஒற்றைக் கட்டத்துக்கு 'வெள்ளோட்டக் கட்டம்', முழுதாகத் தைப்பதற்கு 'வெள்ளோட்டம்', தைத்துத் தருபவர்க்கு 'வெள்ளோட்டத் தையலர்'. "வெள்ளோட்டம் முடியவில்லை, அடுத்த மாதம்தான் வடிவத்தை வெளியிடுவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'தையலர்' பெண்ணையும் குறிக்குமே என்று யாருக்காவது இடறினால் மாற்றுச் சொல் தாருங்கள், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து