திருப்பூர் பெருமாநல்லூர் பக்கம் 5 சென்ட்: ஷீட் ரூம் 12-ஆ, மாடி லைன் வீடு 8-ஆ?

ஓவர்லாக்:

36-க்கு 60 சைட் இருக்குங்க, ரோடு கிழக்கே. பனியன் கம்பெனி ஆளுகளுக்கு லைன் வீடு (ஒட்டி ஒட்டி ஒரே வரிசையா இருக்கற சின்ன வீடுங்க) கட்டி வாடகைக்கு விடலாம்னு யோசனை. கையில ரெண்டு பிளான்.

மேஸ்திரி சொல்றது: 10-க்கு 10 ரூம் 12, ரெண்டு வரிசை, முதுகோடு முதுகு ஒட்டி, மேல சிமெண்ட் ஷீட். பொதுவா 3 கக்கூஸ், 2 குளியலறை. 1,450 சதுர அடி, அடி 1,300 ரூபாய்னு 19 லட்சத்துக்குள்ள முடிச்சுத் தர்றாராம். ரூம் வாடகை 2,800 போகும்.

இன்ஜினியர் சொல்றது: கீழ 4, மேல 4, ஆர்.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) கூரை. ஒரு வீடு 12-க்கு 22. ஹால், சமையல்கட்டு, கக்கூஸ், குளியல் எல்லாம் உள்ளேயே. படி, வராண்டா சேர்த்து 2,500 சதுர அடி, அடி 2,200 வீதம் 55 லட்சம். வீட்டுக்கு 5,500 வாடகை.

மாசம் 33,600-க்கும் 44,000-க்கும் பத்தாயிரம்தான் வித்தியாசம். போடற காசு மூணு மடங்கு. எனக்கு ஷீட்டுதான் சரின்னு படுது. கணக்குல எங்காவது தப்பு இருக்குங்களா?

ஆடிக்காத்து:

கணக்கை இன்னொருத்தர் பார்க்கட்டும். முதுகோடு முதுகு வேண்டாங்க, எந்தக் கூரை போட்டாலும் சரி. ஒரே பக்கம் வாசலும் ஜன்னலும் இருந்தா, வர்ற காத்து போக வழி இல்லை. வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா நமக்கு இலவசமா வர்ற தென்மேற்குக் காத்தைச் சுவர் வச்சு அடைக்கிற மாதிரி ஆயிரும்.

உங்க சைட்டுக்கு ஒரே வரிசைதான் பொருந்தும். நாலு வீடு × 12 அடி = 48 அடி நீளம். வடக்கே மூணரை அடி சந்து விட்டு, 22 அடி கட்டடம், தெற்கே பத்தரை அடி வழி. வாசலும் பெரிய ஜன்னலும் தெற்கே. சமையல்கட்டும் கக்கூஸும் வடக்கே. காத்து ஹால் வழியா நுழைஞ்சு வடக்கே போகும், வாடையும் அதோடயே போயிரும். ஐப்பசி, கார்த்திகையில காத்து திரும்பும். வாஸ்துக்காரர் முகம் சுளிப்பார். ஈசானி மூலையில கக்கூஸ் வராம ஒரு வீட்டை மட்டும் மாத்திப் போட்டா அவரும் சமாதானம் ஆயிருவார்.

ஜன்னல் திறப்பு தரைப்பரப்புல பத்துல ஒரு பங்காவது வேணும். 11-க்கு 11 ஹாலுக்கு 12 சதுர அடி. 4-க்கு 4 ஜன்னல் 16 சதுர அடிதானேன்னு நினைப்பீங்க, ஸ்லைடிங் போட்டா திறக்கறது பாதி, 8 தான். கீல் வச்ச கதவு போடுங்க. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல கதவே வேண்டாம்.

மேற்குக் கடைசிச் சுவர்தான் சாயங்கால வெயிலை முழுசா வாங்கும். மாடிப்படியை அங்க வச்சா நாலாவது வீடு தப்பிச்சுக்கும். மொட்டை மாடியில வெள்ளைக் கூல் டைல், 10 அடிக்கு ஒன்றரை இஞ்ச் வாட்டம்.

ஷீட்டேதான்னு முடிவு பண்ணினா, தாழ்ந்த பக்கமே 10 அடி உயரம் வேணும். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பூசி அடைக்காதீங்க, வலை மட்டும் போடுங்க. சூடு அது வழியாத்தான் வெளியே போகும். மாசி, பங்குனியில ஷீட்டு மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கணும். மழைக்குக் கரையும், வருசா வருசம் அடிச்சாத்தான் பலன்.

நடப்புக்கணக்கு:

காகிதத்தில் ஷீட்டுதான் ஜெயிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. 12 ரூமில் எப்போதும் 2 காலி என்று வையுங்கள்: 28,000. பொதுக் கக்கூஸ் கழுவ ஆள், மோட்டார் கரண்ட், உடைந்த ஷீட், குழாய் என்று மாதம் 5,000. மிச்சம் 23,000, வருடம் 2.76 லட்சம். 19 லட்சத்துக்கு 14 சதவீதத்துக்கு மேல் வருகிறது. மாடி வீட்டில் வருடத்துக்கு 11 மாத வாடகை 4.84 லட்சம், வீட்டு வரி, பெயிண்ட், ரிப்பேர் 60,000 போனால் 4.24 லட்சம். 55 லட்சத்துக்கு 8-ஐத் தொடாது. ஊரெல்லாம் ஷீட் ரூம் முளைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த 14 நிலைக்குமா என்பது வேறு கேள்வி. 10-க்கு 10 ரூமுக்குக் குடும்பம் வராது. மூன்று நான்கு பசங்க சேர்ந்து எடுப்பார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் எத்தனை பேர் அதே ரூமுக்குத் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. 12 ரூமுக்கு 40 பேர், 3 கக்கூஸ். காலை 7 முதல் 8.30 வரை வரிசை. ஆர்டர் குறைந்தால் முதலில் காலியாவது இந்த ரூம்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த குடும்பம் வருட நடுவில் வீடு மாற்றாது.

கம்பெனிக்காரர் பக்கமிருந்தும் பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்தவன் பகலில் தூங்க வேண்டும். சித்திரையில் ஷீட்டுக்கடியில் தூக்கம் வராது. அடுத்த நாள் லீவு, இல்லையென்றால் மிஷினில் கை தவறும். கம்பெனியின் நெருக்கமான தையல் வரிசையில் ஓர் ஓவர்லாக் தையல் மிஷின் நின்றால் பின்னால் பேட்லாக் தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் காத்திருக்கும். வாடகை குறைவாக இருந்தும் ஆள் நிற்காத இடத்துக்கு இந்தத் தூக்கமும் ஒரு காரணம்.

55 லட்சத்தையும் கடன் வாங்கினால் 9 சதவீதம், 15 வருடத்துக்குத் தவணை மாதம் 55,800 ரூபாய் வரும். முழு வாடகையே 44,000 தான், தொடவே வேண்டாம். 25 லட்சம் கடன் என்றால் தவணை சுமார் 25,400, தாங்கும். மீதி 30 லட்சம் கையில் இல்லையென்றால் மாடிக்கும் சேர்த்துக் கடகால் (அஸ்திவாரம்) போட்டு, இப்போது கீழ் 4 மட்டும்.

அட்வான்ஸ் 10 மாதம் வாங்கிக் கட்டடத்தில் போடலாம் என்று நினைக்காதீர்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை குடியிருப்புக்கு 3 மாத வாடகைதான் முன்பணம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கரண்டுக்கு வீட்டுக்கொரு மீட்டர் கேளுங்கள். ஒரே சர்வீஸில் சப்-மீட்டர் வைத்தால் எட்டு வீட்டு ஓட்டமும் ஒரே பில்லில் கூடி யூனிட் விலை கூடிய மேல் ஸ்லாபுக்கு ஏறும், இரண்டு மாதத்துக்கான இலவச யூனிட்டும் ஒரு முறைதான் கிடைக்கும்.

சுக்காங்கல்:

மண்ணுக்கடியில போறதைப் பத்தி யாரும் பேசலை, அதனால நான் சொல்றேன்.

முதல்ல ரெண்டு மூலையில குழி தோண்டிப் பாருங்க. செம்மண்ணுக்கு அடியில 3, 4 அடியில சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவு) தட்டினா நல்லது, அது மேலயே கடகால் உட்காரும். கரிசல் வந்தா சுக்கான் தட்டற வரைக்கும் போகணும், 6 அடி ஆனாலும் சரி. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பாதியில நிறுத்தினா ரெண்டாவது வருசம் ஜன்னல் மூலையில இருந்து சாய்வா வெடிப்பு ஓடும். எந்த மண்ணா இருந்தாலும் தரைமட்டத்துல சுத்தி பெல்ட் கான்கிரீட் போடுங்க.

கான்கிரீட்டுக்கு உப்புத் தண்ணி வேண்டாம். திருப்பூரைச் சுத்திப் பல போர்வெல்ல உப்பு இருக்கு. லேப்ல கொடுத்துப் பாருங்க, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினா கம்பி துரு ஏறி, சீலிங் பெயர்ந்து விழும். டேங்கர் தண்ணி வாங்கிக் கலக்கறது அதைவிட மலிவு.

செப்டிக் டேங்க்: 32 பேருக்கு உள்ளளவு 10 × 5, தண்ணி நிக்கிற ஆழம் 5 அடி. சுமார் 7,000 லிட்டர். நடுச்சுவர் வச்சு மூணுல ரெண்டு பங்கு முதல் தொட்டி, ஒரு பங்கு ரெண்டாவது. உள்ளே, வெளியே ரெண்டு பக்கமும் T பைப். அடியில கான்கிரீட் போடாம உறை இறக்கறது டேங்க் இல்லை, அது நேரா போருக்குப் போற பாதை. குளிக்கிற, துவைக்கிற தண்ணியை இதுல விடாதீங்க, வேகமா ஓடி மலத்தையும் இழுத்துட்டுப் போயிரும். ரோட்டுப் பக்கம் கிழக்கே வைங்க, லாரி பைப் எட்டணும். ரெண்டு வருசத்துக்கொரு முறை லாரி வச்சு எடுங்க. ஆளை உள்ள இறக்கறது 2013 சட்டப்படி குற்றம், விஷவாயு ஒரு நிமிசத்துல ஆளைச் சாய்ச்சிரும்.

டேங்க்ல இருந்து வெளியே வர்ற தண்ணி மண்ணுல இறங்கற உறிஞ்சுகுழிக்கும் போருக்கும் 60 அடி இடைவெளி வேணும். உங்க சைட்டே 60 அடி நீளம்தான், அதனால சைட்டுக்குள்ள போர் போட்டா அது கழுவத் துவைக்க மட்டும். கேசிங்கை (போர் சுவர் சரியாம காக்கற குழாய்) பாறை தட்டற வரைக்கும் இறக்குங்க. குடிக்க, சமைக்க ஊராட்சித் தண்ணி, அதுக்குத் தனி லைன், தனி சம்ப் (தரைக்கடித் தொட்டி). தண்ணி விடற முறைநாள் தள்ளிப் போகும், 10,000 லிட்டர் சம்ப் இல்லாம எட்டு வீடு ஓடாது.

ஓவர்லாக்:

ஒரே வரிசை, இப்பக் கீழ 4, அப்புறம் மேலன்னு மனசு போகுதுங்க. ஒரு கம்பெனி நாலையும் மொத்தமா லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கேக்கறாங்க. கொடுக்கலாமா?

நடப்புக்கணக்கு:

கொடுக்கலாம், ஆனால் அது வேறு தொழில். பெண்கள் விடுதி என்றால் 2014 சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும்; யார் எடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனி குடியிருப்பை வாடகைக்கு எடுத்தால் 2022 ஜூலை 18 முதல் 18 சதவீத வரியை அவர்களே நேராகக் கட்ட வேண்டும், அதை வாடகையில் கழிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். நாலு வீட்டில் 30 பேரைத் தங்க வைத்தால் எட்டு வீட்டுக்குக் கட்டிய டேங்க் இப்போதே நிரம்பிவிடும், அப்புறம் மேல் மாடி எழுப்ப வழியில்லை.