கானல்வரியில் அந்த ஒரு 'போல்'

கடைமடைக்காரன்:
சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்ததற்கு மாதவியே காரணம், கடற்கரையில் இருவரும் மாறி மாறிப் பாடும் கானல்வரியில் அவள் வேறொருவனை நினைத்துத்தான் பாடினாள் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இளங்கோ எழுதியது 'தானும் ஓர் குறிப்பினள் போல்', அதாவது தன் மனதிலும் வேறு நினைப்பு இருப்பவள் போல். போல்! கோவலன் பாட்டில் இன்னொருத்தி இருக்கிறாளோ என்று அவளுக்குச் சுட்டது. வாய்விட்டுக் கேட்காமல் யாழை வாங்கித் தானும் பாடினாள். அவ்வளவுதான்.

அரிசிலாற்றங்கரை:
எழுதியது நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டுங்கள். அந்தப் 'போல்' நமக்கு இளங்கோ சொன்னது. மணலில் உட்கார்ந்திருந்த கோவலன் காதில் அது விழுந்ததா?

கடைமடைக்காரன்:
நேற்று எழுதியது வேறு, இன்று பேசுவது வேறு. சரி, அவன் மட்டும்? 'மாதவி தன் மனம் மகிழ' வாசிக்கத் தொடங்கினான் என்று வரி இருக்கிறது. அது அவள் காதிலும்தான் விழவில்லை. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லையே! பொழுது கழிந்தது, எழுவோம் என்று சொல்லிவிட்டு, அவளோடு எழாமல் ஏவலாட்களோடு நடந்தவன் யார்? அவள் தனியாக வண்டியேறி வீடு போனாள்.

மாயவரத்துப் பெண்:
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை, அதைப் பேசுங்களேன். எங்கள் தெருவில் ஒரு அத்தைக்கு மாமன் மகன் மேல் ஆசை. அவர் வந்து கேட்கட்டும் என்று அத்தை இருந்தார், இவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவர் இருந்தார். மூன்று குறுவை அறுப்பு போனது. அவருக்குத் திருவாரூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். இன்றைக்கும் அத்தை அந்த வீட்டு வாசல் வழியாகப் போவதில்லை.

அரிசிலாற்றங்கரை:
அக்கா, கதை வேண்டாம். காதில் விழுந்ததா, இல்லையா? பூம்புகாரை நாகை மாவட்டம் என்று போன மாதம் எழுதியவர்தான் இவர். 2020-லேயே மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. இவர் வந்து எனக்குப் பாடம் சொல்கிறார்!

கடைமடைக்காரன்:
பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்த 1973-ல் அது தஞ்சாவூர் மாவட்டம். அப்போதே அப்பா தோளில் உட்கார்ந்து போய்ப் பார்த்தவன் நான். மேட்டூர்த் தண்ணீர்ப் பேச்சில் நீங்கள் கடைமடைக்காரர்களைச் சொன்ன சொல்லையும் நான் மறக்கவில்லை. விஷயத்துக்கு வாருங்கள். பிறகு அவள் தாழை மடலில் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். இறங்கி வந்தது அவள்! ஆடல்மகள், நடிக்கிறாள் என்று சொல்லி அவன் வாங்க மறுத்தான். மதுரைக்குப் போகிற வழியில் இரண்டாவது மடலைப் படித்த பிறகுதான் 'தன் தீது இலள்' என்று தெளிந்தான், 'என் தீது' என்று உணர்ந்தான். அவனே ஒத்துக்கொண்டதை நீங்கள் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

மாயவரத்துப் பெண்:
அந்த மடலுக்குப் பிறகு அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அரிசிலாற்றங்கரை:
அவன் ஒத்துக்கொண்டது வழியில். நான் கேட்பது கடற்கரையில். அங்கே அவனுக்குப் 'போல்' கேட்டதா?

கடைமடைக்காரன்:
அவள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேட்டிருக்கும். 'குறிப்பினள் போல்'. இன்னொரு தரம் படியுங்கள் தம்பி.

அரிசிலாற்றங்கரை:
நூறு தரம் படித்தாயிற்று. நீங்கள் கோவலனாக உட்கார்ந்து படியுங்கள்.