மார்கழிப் பனிக்கு நீர்வண்ணம் சரிவருமா?

கேள்வி: திருவையாற்றுப் படித்துறையில் உட்கார்ந்து காவிரியை வரைகிறேன். அக்கரைத் தென்னைகள் பனியில் கரைய வேண்டும். எனக்கோ ஓரம் வெட்டினாற்போல் நிற்கிறது. அக்ரிலிக்குக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறாதீர்கள். அப்படிக் கரைவது நீர்வண்ணத்தின் சொத்து. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளை முதலில் நனையுங்கள். மினுமினுப்பு அடங்கி ஈரம் மட்டும் இருக்கும்போது தென்னையை வையுங்கள். தூரிகையில் தண்ணீர் மிஞ்சினால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். அப்புறம், காய்ந்தால் நிறம் வெளிறும். ஒரு படி அடர்த்தியாகவே போடுங்கள்.

இன்னொரு பதில்: ஆற்றின் மினுக்கத்துக்கு வெள்ளை பூச வேண்டாம், அங்கே தாளை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் இந்த ஊடகத்தின் அழகு.

கேட்டவர்: இன்று விடியலில் முயன்றேன். பனிக்காற்றில் தாள் காயவே அரைமணி ஆனது. மூன்றாவது தென்னை கரைந்தது!