சரமாற்றிக்கு ஒரே ‘பிரிப்பு’ போதாது

நம் கணினியியல் கலைச்சொல் பட்டியலில் transducer என்பதற்கு ‘ஆற்றல்மாற்றி’ வேண்டாம் என்பது என் கருத்து. மைக்குக்கும் அழுத்த உணரிக்கும் அது பொருந்தும். இங்கே ஆற்றல் எதுவும் மாறுவதில்லை. ஓர் எழுத்துச்சரம் உள்ளே போகிறது, வேறொரு சரம் வெளியே வருகிறது. ‘நிலைமாற்றி’யும் சரிப்படாது. தானியங்கி (automaton, உள்ளீட்டைப் படித்தபடி நிலை மாறும் கற்பனை இயந்திரம்) ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவுவதைத்தான் நிலைமாற்றம் என்கிறோமே. ‘முடிவுறு நிலைச் சரமாற்றி’ என்று ஒருமுறை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் ‘சரமாற்றி’ என்றே ஓட்டலாம்.

பெரிய சிக்கல் ‘பிரிப்பு’ என்ற சொல்லில்தான். ஒரு சரமாற்றியை எளிய சரமாற்றிகளாக உடைப்பதுதான் (decomposition) அது. ஆனால் வெவ்வேறான இரண்டு வேலைகளுக்கு அந்த ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம்.

‘ஆறு’ என்பதைச் சொல்பகுப்புச் சரமாற்றியில் கொடுத்தால் எண், நதி, தணி என்னும் வினை என மூன்று விடை வரலாம். எந்த உள்ளீட்டுக்கும் விடைகளின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்றால், அந்தச் சரமாற்றியை ஒற்றைமதிப்புச் சரமாற்றிகள் (எந்த உள்ளீட்டுக்கும் ஒன்றுக்கு மேல் விடை தராதவை) சிலவற்றின் சேர்ப்பாக உடைக்கலாம். ஆந்திரயாஸ் வெபர் 1993-இல் இதை நிறுவினார். வரம்பு மூன்று என்றால் மூன்றே போதும் என்பது அவருடைய 1996 கட்டுரை. உடைந்தவை அக்கம்பக்கமாக நின்று ஒரே உள்ளீட்டை வாங்குகின்றன.

எல்காட், மெசெய் இருவரின் 1965 முடிவு வேறு மாதிரி. அங்கே உடைபடுவது ஒற்றைமதிப்புச் சரமாற்றி. ஒரு பகுதி சரத்தை இடமிருந்து வலமாகப் படித்து எழுதுகிறது. அது எழுதியதை மற்றது வலமிருந்து இடமாகப் படிக்கிறது. ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு.

பள்ளி இயற்பியலில் மின்தடைகளுக்குப் பக்க இணைப்பு, தொடர் இணைப்பு என்று படித்தவர்கள்தானே நாம்? ‘பக்கப்பிரிப்பு’, ‘தொடர்ப்பிரிப்பு’ என்றே வைக்கலாம். விளக்கமே தேவைப்படாது.

equivalence என்பதற்கு ‘சமானம்’ எனக்குச் சம்மதம். நிலைகளின் எண்ணிக்கை வேறாக இருந்தாலும், எந்த உள்ளீட்டுக்கும் இரண்டு சரமாற்றிகளும் ஒரே விடைக்கணத்தைத் தந்தால் அவை சமானம். ஆனால் undecidable என்பதற்கு ‘தீர்க்கப்படாதது’ என்று எழுதியிருப்பதை மாற்றியே ஆகவேண்டும். யாரும் இன்னும் விடை காணவில்லை என்றல்லவா அது படுகிறது! பொதுவான சரமாற்றிகளின் சமானத்தைச் சோதிக்க எந்தப் படிமுறையும் (algorithm) இருக்கவே முடியாது என்று 1968-இலேயே கிரிஃபித்ஸ் நிறுவிவிட்டார். அதற்கு ‘தீர்மானிக்க இயலாதது’ என்பதே சரி. விடைகளுக்கு வரம்பு இருக்கும் வகைக்கோ சமானம் தீர்மானிக்கத்தக்கது. அது 1986-இல் சூலிக், கர்ஹுமாகி நிறுவியது.

‘ஒற்றைமதிப்பு’க்குப் பதில் ‘சார்புவகை’ என்றும் சொல்லலாம். கணிதம் படித்தவர்களுக்கு அது இன்னும் பழகியது. எனக்கு இரண்டும் சம்மதம். ஆனால் பட்டியலில் ஒன்றுதான் இருக்கவேண்டும்.