மலைச்சரிவில் நட்ட பைன் கன்றுகள் பழுப்பேறுகின்றன. பக்கத்தில் நிற்கும் மரங்கள் என்ன வகை?

கேள்வி:
சரிவான மலை நிலம். இரண்டு வகை ஊசியிலை மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. ஒன்றில் இலைகள் தனித்தனியாக, தட்டையாக உள்ளன. மற்றதில் மும்மூன்றாகச் சேர்ந்து நீளமாக உள்ளன. இடையில் உள்ள வெட்டவெளியில் பையில் வளர்ந்த பைன் கன்றுகளை நட்டோம். இப்போது நுனியிலிருந்து பழுப்பேறுகின்றன, தொட்டால் அடித்தண்டு ஆடுகிறது. உரம் போடலாமா?

பதில் 1:
மும்மூன்றாக இருப்பது பைன்தான். ஒரே கொத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருபது கொத்தாவது எண்ணுங்கள். அடியில் மெல்லிய உறை சுற்றியிருக்கும்.

தட்டை இலை உள்ள மரத்தில் ஓர் இலையைக் கிள்ளுங்கள். கிளையில் வழவழப்பான வட்டத் தழும்பு இருந்தால் ஃபிர். சிறு முளை போல மரக்கட்டை துருத்தி, கிளை சொரசொரவென்று இருந்தால் ஸ்புரூஸ். பெரும்பாலும் அதன் இலை நான்கு பட்டையாக விரலிடையே உருளும். காயையும் பாருங்கள். ஃபிர் காய் கிளைமேல் நிமிர்ந்து நின்று மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும்; ஆகவே அடியில் முழுக் காய் கிடைக்காது. ஸ்புரூஸ் காய் தொங்கி, முழுதாக விழும். தொங்கும் காயின் செதில்களுக்கு இடையே மூன்று முனையுள்ள நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது டக்ளஸ் ஃபிர். காயே இல்லாமல் சிவப்புச் சதைக்குள் விதை இருந்தால் யூ மரம். ஆடுமாடுகளை அண்டவிடாதீர்கள், கொடிய நஞ்சு.

பதில் 2:
உரம் இப்போது வேண்டவே வேண்டாம். வேர் பிடிக்காத கன்றுக்கு உரத்திலுள்ள உப்பு மேலும் தாகத்தைத்தான் கூட்டும். தண்டு ஆடுகிறதென்றால் வேர் வெளி மண்ணுக்குள் போகவில்லை. ஒரு கன்றைத் தோண்டிப் பாருங்கள். பையின் வடிவிலேயே வேர் சுருண்டிருக்கும் என்பது என் கணிப்பு.

கேட்டவர்:
தோண்டினோம். சுருள்தான். சிலவற்றில் தண்டையே தடித்த வேர் சுற்றியிருக்கிறது. தண்டும் ஒரு சாண் ஆழத்தில் புதைந்திருந்தது.

பதில் 2:
தண்டைத் தடித்த வேர் நெரிப்பவற்றைக் கழித்துவிடுங்கள்; வளர்ந்தபின் காற்றில் சாயும். மற்றவற்றில் தண்டைச் சுரண்டி, பட்டைக்கடியில் பச்சையும் நுனியில் மொட்டும் இருந்தால் காப்பாற்றலாம். காய்ந்த நுனியை வெட்டி ஒதுக்கலாம், ஆனால் இலையற்ற பழைய கிளைவரை வெட்டினால் பைன் பெரும்பாலும் துளிர்க்காது.

மறுநடவை வளர்ச்சி அடங்கிய குளிர்ந்த, ஈரமான பருவத்தில் வையுங்கள். வேர்க்கட்டியின் பக்கங்களில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் சுருண்டதை நறுக்குங்கள். சரிவை வெட்டி ஒரு மீட்டர் அகலத்தில் திட்டு அமையுங்கள். குழி கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் கட்டியின் உயரத்தைத் தாண்டக்கூடாது. முதல் பக்கவேர் தெரியும்வரை மேல்மண்ணைச் சுரண்டி, அந்த வேர் நிலமட்டத்தில் நிற்க நடுங்கள். எடுத்த மண்ணையே போட்டு மூடுங்கள். குழிக்குள் மட்டும் எருவைக் கொட்டினால் வேர் அதைவிட்டு எளிதில் வெளியேறாது.

பக்கத்துப் பைன் மரம் நலமாக இருந்தால் அதன் அடிமண் ஒரு கைப்பிடி கலக்கலாம். வேருக்கு உதவும் பூஞ்சை அதில் இருக்கும். மூடாக்கு (மண்ணை மூடும் சருகு) 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டிலிருந்து 10 செ.மீ. விலக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் நீரை மெதுவாக ஊற்றுங்கள், விரலளவு ஆழம் காய்ந்தபின் மறுபடி. குளிர்காற்று தேங்கும் பள்ளத்தில் வைக்காதீர்கள், உறைபனி புதுத்துளிரைக் கருக்கிவிடும்.

பதில் 1:
இடைவெளி குறைந்தது 3 மீட்டர். மரம் அடிவரை அடர்ந்து நிற்க வேண்டுமானால் 5, 6 மீட்டர். பிசின் எளிதில் பற்றிக்கொள்ளும், வீட்டுக்கு 10 மீட்டருக்குள் நட வேண்டாம்.