குறும்படத் திரைக்கதைக்கு ஒரு விளக்கம் தேவை

வணக்கம். 2009 மே மாதம், போரின் இறுதி நாட்களில், முல்லைத்தீவு மாவட்டத்தின் வட்டுவாகலில் இலங்கை இராணுவத்திடம் சரணடைந்த மகனைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் கிடைக்காத ஒரு கிளிநொச்சிக் குடும்பத்தை மையமாகக் கொண்டு குறும்படமொன்றை எழுதி வருகிறேன். அதில் போர்க்காட்சி எதுவும் இல்லை. காணி அலுவலை முடிக்க மரணச் சான்றிதழ் வேண்டுமென மருமகள் கருதுவதும், அதில் கையொப்பமிட்டால் பிள்ளையைத் தானே கொன்றதாகிவிடும் என்று தாய் மறுப்பதுமே கதை. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, மரணத்தைப் பதியாமலேயே ஒருவர் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற முடிகிறது. அதற்கு விண்ணப்பித்த குடும்பங்களுடன் பணியாற்றியவர்கள் இங்கு இருந்தால், கிராம அலுவலர் முதல் பதிவாளர் வரை என்னென்ன கேட்கிறார்கள், காணி விடயத்தில் அச்சான்றிதழ் எதுவரை உதவுகிறது என்பதை விளக்குமாறு வேண்டுகிறேன். குடும்பங்களின் பெயர்களைக் குறிப்பிட வேண்டாம். நடைமுறை மட்டும் போதும்.